வாசகர் கேள்விகள்: ரீல் கணக்கும் குமரிக்காரர்களின் இரண்டு படங்களும்

கேள்வி: மௌனப் படங்களை ‘ஒரு ரீல்’, ‘நான்கு ரீல்’ என்கிறார்களே, அது எவ்வளவு நேரம்? முழுநீளப் படம் எப்போது வந்தது?
– வாசகர், தக்கலை

பதில்: ஒரு ரீல் என்பது ஏறக்குறைய 1,000 அடி பிலிம். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) உண்டு. அக்காலத்தில் நொடிக்குச் சுமார் 16 சட்டகம் ஓடும்படி காமிராவைக் கையால் சுற்றியதால், நொடிக்கு ஓர் அடி, ரீலுக்குப் பதினாறு, பதினேழு நிமிடம் என்று கணக்கு வரும். (மனிதர்கள் ஓட்டமும் நடையுமாகத் தெரிவது, அப்படிப் பிடித்ததைப் பிற்காலத்து 24 சட்டக வேகத்தில் ஓட்டுவதால்தான்.) 1906இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ‘கெல்லி கும்பலின் கதை’ என்ற படம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது, முதல் முழுநீளக் கதைப்படமாக அதையே கருதுகிறார்கள். தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3 அன்று பம்பாயில் திரையிடப்பட்டபோது நான்கு ரீல், சுமார் 3,700 அடி இருந்தது. அரிச்சந்திரன் கதை தெரியாதவர் அரங்கில் இருந்திருக்க மாட்டார்கள் என்பதால், குரலே இல்லாமல் அவ்வளவு நீளக் கதையைச் சொல்லும் துணிச்சல் அவருக்கு வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: மௌனப் படத்தில் நம் மாவட்டத்தாருக்குப் பங்கு உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பெரிய பங்கு உண்டு. மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே.சி. டேனியல் குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தோடு தொடர்புடையவர். 1975இல் காலமானதும் அங்கேதான். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து, ‘விகதகுமாரன்’ படத்தைத் தாமே எழுதி, இயக்கி, நடித்தார். அது வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் சொல்வதுண்டு. நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி தலித் என்பதற்காகத் திரைமீது கல்லெறிந்தார்கள். அவர் ஊரை விட்டே போக நேர்ந்தது. இன்று அந்தப் படத்தின் பிரதி இல்லை.

அடுத்து, டேனியலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’வைத் தயாரித்தார். பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட மன்னரின் கதை என்பதால் நம்மவருக்கு அந்நியமான பொருளும் அல்ல. ஆனால் படத்துக்கு மூலமான சி.வி. ராமன் பிள்ளையின் நாவலுக்குப் பதிப்புரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குத் தொடர்ந்ததால், வெளியான சில நாள்களிலேயே படம் நின்றுபோனது. தயாரிப்பாளரை நஷ்டத்தில் தள்ளிய அந்த வழக்கில் சிக்கிய பிரதிதான், பல ஆண்டுகள் பதிப்பகத்தாரிடம் கிடந்து, பின்னர் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.