கழுத்துப் பட்டையில் பால் கறை

கேள்வி: உயர் நீதிமன்றத்தில் சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறேன். பத்து மாதக் குழந்தை. சாயந்திரம் ஆபீஸுக்கு வராவிட்டால் தொழில் வராது என்கிறார் சீனியர். வீட்டில் மாமியார் முகம் கொடுத்தே பேசுவதில்லை. விட்டுவிடட்டுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொடுத்த 26 வார மகப்பேறு விடுப்பு சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்குத்தான், தனியாக வக்கீல் தொழில் செய்கிற நமக்கு அதில் ஒன்றும் இல்லை, அதனால் சீனியரிடம் நாமேதான் வாய் திறந்து கேட்க வேண்டும். சாயந்திரம் ஆபீஸில் செய்யும் டிராஃப்டிங்கை, அதாவது மனு எழுதும் வேலையை, குழந்தை தூங்கியபின் வீட்டிலிருந்தே அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எந்தெந்த வழக்கு விசாரணைக்கு வரும் என்று சொல்லும் காஸ் லிஸ்ட் முந்தின நாளே இணையத்தில் வந்துவிடுகிறதே, அதைப் பார்த்து மறுநாள் குழந்தையை யார் பார்ப்பது என்று ராத்திரியே பேசிவிடலாம். நானும் ஒருநாள் கழுத்துப் பட்டையில் பால் கறையோடு வாய்தா கேட்டு நின்றேன். நீதிபதி கவனிக்கவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல்தான் சிரித்தார்.

மாமியாரா? அதை உங்கள் கணவர் பேசட்டும், அந்த வழக்கில் நீங்கள் ஆஜராக வேண்டாம். அப்புறம், எந்த முடிவானாலும் மே மாத கோர்ட் விடுமுறை வரை தள்ளிப்போடுங்கள்.