கை நடுங்கினால் நடுங்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 27. எழுத்துத் தேர்வு வரை எந்தச் சிக்கலும் இல்லை. நேர்காணல் என்று உட்கார்ந்தால் எல்லாம் போய்விடுகிறது. இதுவரை மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதுமே நாக்கு ஒட்டிக்கொள்கிறது, குரல் உடைகிறது, விரல்கள் சில்லிட்டுப்போகின்றன. போன முறை இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பாதியில் அறுந்துபோய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். முந்தைய இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. அடுத்த நேர்காணல் இன்னும் பத்து நாளில். இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறான் நண்பன். போடலாமா? படபடப்பே வராமல் இருக்க வழி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நண்பர் சொல்வது அநேகமாக ப்ரொப்ரனலால் வகை மாத்திரையாக இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ நாடித் துடிப்போ குறைவாக இருப்பவர்களுக்குத் தலைசுற்றல் வரும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்குவதைக் காட்டிக்கொடுக்கும் படபடப்பையே மறைத்துவிடும். மருத்துவரே எழுதிக் கொடுத்தாலும், நேர்காணல் நாளில் முதல் தடவையாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. இன்னொன்று, கை நடுக்கத்தை அது குறைக்கலாம், அறுந்துபோன பதிலை ஒட்டவைக்காது. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

படபடப்பே வராமல் இருக்க வழி கிடையாது. அதைத் தேடுவதில்தான் பாதிப் பேருக்குச் சக்தி வீணாகிறது. நாக்கு வறள்வது, விரல் சில்லிடுவது, வயிற்றைக் கலக்குவது, குரல் உடைவது எல்லாம் ஒரே கிளையில் காய்த்தவை. அட்ரினலின் ஏறும்போது தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் விரல் சில்லிடுகிறது. உமிழ்நீர் குறைகிறது, அதனால் நாக்கு ஒட்டுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த அலை, உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன்பும் பேச ஆரம்பிக்கும் முதல் ஓரிரு நிமிடங்களிலும்தான் உச்சத்தில் நிற்கும். பேசப் பேச இறங்கிவிடும். ஆகவே காபந்து பண்ண வேண்டியது அந்த முதல் இரண்டு நிமிடத்தை. நல்ல வேளையாக, அந்த இரண்டு நிமிடத்தில் என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இரண்டு பக்க மனப்பாடம் ஏன் அறுந்தது? வரிக்கு வரி உருப்போட்டால் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லுக்குக் கொக்கி. ஒரு கொக்கி கழன்றால் மொத்தச் சரமும் கீழே. பதற்றத்தில் மூளையின் ஒரு பகுதி "திணறுகிறோமே, கவனிக்கிறார்களே" என்ற கவலையிலேயே ஓடிக்கொண்டிருப்பதால், ஏதோ ஒரு கொக்கி கழலத்தான் செய்யும். அதனால்தான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நடுவில் ஏறிக்கொள்ள உங்களுக்குப் படியே இல்லை.

இந்த முறை உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை எடுங்கள். அதில் நான்கே குறிப்பு, ஒவ்வொன்றும் மூன்று சொல்லுக்கு மேல் போகக் கூடாது: இப்போது என்ன செய்கிறேன், செய்து முடித்த ஒரு வேலை, அதில் கற்றது, இந்த இடத்துக்கு ஏன் வந்தேன். உதாரணத்துக்கு, கிடங்குக் கணக்குப் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் 'கிடங்கு, 3 ஆண்டு', 'கணக்கு, 4-2 நாள்', 'வரும்போதே பதிவு', 'பெரிய கிடங்கு' என்று இருக்கும். வாயில் வருவது இப்படி: "மூன்று ஆண்டுகளாகக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கிறேன். மாதக் கணக்கு முடிக்க நான்கு நாள் ஆகிக்கொண்டிருந்தது. சரக்கு இறங்கும்போதே பதிகிற முறைக்கு மாற்றினோம், இப்போது இரண்டு நாளில் முடிகிறது. தவறு நடப்பது எண்ணுவதில் இல்லை, தாமதமாகப் பதிவதில்தான் என்று அதில் புரிந்தது. இதைவிடப் பெரிய கிடங்கில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் விண்ணப்பித்தேன்."

இதில் முதல் வாக்கியத்தை மட்டும் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். மீதியை ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் சொல்லிப் பழகுங்கள். மொத்தம் 60 முதல் 90 நொடி போதும். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. பழக வேண்டியது வாய். நேர்காணல் நடக்கப்போவது உங்கள் தாய்மொழி அல்லாத மொழியில் என்றால் இது இரண்டு மடங்கு பொருந்தும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, போனில் பதிவு செய்து ஒரு தடவையாவது கேளுங்கள். கண்ணாடி முன் நின்று பழகச் சொல்வார்கள். அதை விட்டுவிடுங்கள், அது பதிலைவிட முகத்தைத்தான் கவனிக்கப் பழக்கும்.

நான்காம் நாளிலிருந்து ஆள் வைத்துப் பழக வேண்டும். குறைந்தது மூன்று ஒத்திகை. அதில் ஒன்றாவது, நீங்கள் கொஞ்சம் கூச்சப்படுகிற ஒருவர் முன்னால் நடக்கட்டும். வீட்டு மனிதர்கள் முன்னால் படபடப்பு வராது, வராமல் பழகிப் பயனில்லை. அவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: இரண்டாவது குறிப்பின் நடுவில் வேண்டுமென்றே குறுக்கிட்டு வேறு ஏதாவது கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மூன்றாவது குறிப்பில் ஏறிக்கொள்ள வேண்டும். போன முறை கைவிட்டது இந்த ஏறிக்கொள்ளும் வித்தைதான்.

அப்படியும் நடுவில் வெற்றிடம் வரலாம். அதற்கு மூன்று வாக்கியம் கைவசம் வேண்டும், அவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். கேள்வி கேட்டதும் ஒன்றும் தோன்றாவிட்டால்: "ஒரு நொடி யோசித்துச் சொல்கிறேன்." பேச்சின் நடுவில் தொலைந்தால்: "சுருக்கமாகச் சொன்னால்..." என்று அடுத்த குறிப்புக்குத் தாவிவிடுங்கள். பதிலே தெரியாவிட்டால்: "இதை நான் செய்ததில்லை. செய்ய வேண்டி வந்தால் இங்கிருந்து தொடங்குவேன்." "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொன்னால், சொல்லிவிட்டு ஐந்து நொடி வாயை மூடிக்கொண்டு யோசியுங்கள். உள்ளே இருக்கும் உங்களுக்கு அது ஒரு யுகம். எதிரே இருப்பவருக்கு, யோசிக்கிற ஒரு மனிதர், அவ்வளவுதான்.

இதில் ஓர் ஆறுதலான செய்தி உண்டு. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நினைத்த அளவுக்குக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. 'நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது' என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். இப்போது உங்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

"அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்கிறீர்களா? அதை நிறுத்துங்கள். ஓடுகிற இதயத்தை ஒரு சொல்லால் நிறுத்த முடியாது. முடியாதபோது இன்னும் பயம் கூடும். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உடம்பைப் பொறுத்தவரை பயமும் ஆவலும் ஒரே துடிப்புதான். தமிழில் 'பரபரப்பு' என்ற சொல்லைப் பாருங்கள், பயந்தவருக்கும் அதுதான், பயணம் கிளம்புகிறவருக்கும் அதுதான். "பரபரப்பாக இருக்கிறது, கிளம்பியாயிற்று" என்று சொல்லிக்கொண்டு போங்கள். கை கால்களை அகல விரித்து மிடுக்காக இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோனே மாறும் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2015-இல் அதைவிட அதிகம் பேரை வைத்துச் சோதித்தபோது அந்த மாற்றம் தென்படவில்லை. செய்து பார்த்தால் நஷ்டம் இல்லை, நம்பிப் போகாதீர்கள்.

மூச்சுப் பயிற்சி உதவும், ஆனால் பலர் தப்பாகச் செய்கிறார்கள். வேக வேகமாக ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். பயம் முற்றுகிறது என்று நினைப்பீர்கள். இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம், ஏனென்றால் மூச்சை விடும்போதுதான் இதயம் சற்று மெதுவாகிறது. மூக்கால் நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இன்றிலிருந்து தினமும் ஐந்து நிமிடம். காத்திருக்கும் அறையில் முதல் தடவையாக முயன்றால் அது இன்னொரு பரீட்சையாகிவிடும். குரல் உடைவதற்கும் இதே மருந்துதான்: நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிக்காமல், ஒரு முறை விட்டுவிட்டு, இயல்பாக இழுத்து, குட்டி வாக்கியமாகத் தொடங்குங்கள்.

தூக்கம் வராத இரவைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். ஓரிரவு கெட்டாலும் அட்ரினலின் அன்று உங்களைத் தூக்கி நிறுத்திவிடும். அதற்கு முந்தைய மூன்று நான்கு இரவுகளை ஒழுங்காகத் தூங்குங்கள். சீக்கிரமே படுத்து உருளாதீர்கள், வழக்கமான நேரத்துக்கே போங்கள். உடையும் சான்றிதழ்களும் முந்தைய நாள் மாலையே தயாராக இருக்கட்டும்.

காபி குடிப்பவர் என்றால் வழக்கமான அளவு மட்டும். உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், தைரியத்துக்காக இன்னொரு கோப்பை என்பது நடுக்கத்தைத்தான் கூட்டும். திடீரென்று நிறுத்தினாலும் தலைவலி வரும். ஒன்றரை மணி நேரம் முன்பே அளவாகச் சாப்பிட்டுவிடுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் நடுவில் எழுந்து ஓட வேண்டிவரும்.

அலுவலகம் இருக்கும் பகுதிக்கு அரை மணி முன்பே போய்விடலாம், உள்ளே நுழைவது பத்து நிமிடம் முன்பு போதும். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்ததும் மறக்கும். வெளியே நடந்துகொண்டிருங்கள். காணொலி வழி நேர்காணல் என்றால், உங்கள் முகம் தெரியும் சிறு சதுரத்தை மறைத்துவிட்டு அட்டையைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பயம் நேர்காணலோடு நிற்கிறதா? போனில் பேச, நாலு பேர் முன் சாப்பிட, கடையில் விலை கேட்கக்கூடத் தயங்குகிறீர்கள் என்றாலோ, பயத்தில் அழைப்பு வந்தும் போகாமல் இருக்கிறீர்கள் என்றாலோ, அது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம். அதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தரும். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள்.

பத்தாம் நாள் வெளியே வந்ததும், "அப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று ஆரம்பிப்பதற்குள் ஓரிடத்தில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை மட்டும் எழுதி வையுங்கள். தடுமாறிய கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. வேலை கிடைக்காவிட்டால், அடுத்த அட்டை அந்தப் புள்ளியில்தான் தொடங்கும்.