ஆளுநர் வீட்டு வாசலில் நிற்பவர்: கேள்வி பதில்

அமெரிக்க மாநில ஆளுநர் மாளிகைகளின் கதையைத் தேடிப் படிப்பதும், வாய்க்கும்போது நேரில் போய்ப் பார்ப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் ஆளுநரின் மனைவி அல்லது கணவர் பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அக்கா, அங்க கவர்னர்னா நம்ம ஊர் கவர்னர் மாதிரிதானே? அவர் மனைவிக்கு எதுக்கு இவ்வளவு முக்கியத்துவம்?

நம் ஊர் ஆளுநர் டெல்லியிலிருந்து நியமிக்கப்படுகிறவர். அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், நிர்வாகம் முழுக்க அவர் கையில். நம் முதலமைச்சரின் அதிகாரமும் நம் ஆளுநர் மாளிகையின் விருந்தும் ஒரே வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் கோப்பு பார்க்கிறவரால் சாயங்காலம் இருநூறு பேருக்குச் சாப்பாடு, யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது, எந்த அறைக் கூரை ஒழுகுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க முடியாது. அதெல்லாம் வீட்டில் இருக்கும் இன்னொருவர் தலையில் வந்து விழுந்தது.

சம்பளம் உண்டா மேடம்? சட்டத்துல அப்படி ஒரு பதவி இருக்கா?

சம்பளம் கிடையாது. தேர்தலும் கிடையாது, பதவிப் பிரமாணமும் கிடையாது. சில மாநிலங்களில் உதவிக்கு ஓரிரு அரசு ஊழியர்களைக் கொடுப்பார்கள், சிலவற்றில் அதுவும் இல்லை. வேலை மட்டும் உண்டு. இந்த விஷயத்தில் நான் பார்த்த பெருமையும் சிக்கலும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: எல்லோரும் எதிர்பார்க்கிற, யாரும் எழுதிவைக்காத வேலை.

இந்த வழக்கம் எப்ப ஆரம்பிச்சது?

வீடு வந்தபோது. ஆளுநருக்கென்று கட்டி, இன்றுவரை ஆளுநர்கள் தொடர்ந்து குடியிருக்கும் வீடுகளில் மூத்தது வர்ஜீனியாவின் ரிச்மண்டில் இருக்கிறது, 1813ல் முடிந்தது. மிசிசிப்பியின் ஜாக்சன் மாளிகையில் 1842ல் குடியேறினார்கள். டெக்சாஸின் ஆஸ்டினில் 1856ல் ஆளுநர் எலிஷா பீஸும் அவர் மனைவி லுகேடியாவும் முதலில் பால் காய்ச்சினார்கள் என்று நம் பாணியில் சொல்லலாம்.

ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. அந்தக் காலத்துத் தெற்கு மாநிலங்களில் விருந்தோம்பலுக்குப் பெயர் வாங்கிய சீமாட்டி வாசலில் நின்றார், அடுப்படியில் நின்றவர்கள் அடிமைகள். ரிச்மண்ட் மாளிகைக்குப் பின்னால் அவர்கள் சமைத்து, படுத்து வாழ்ந்த கட்டடம் இன்னும் இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்த பிறகு பல மாநிலங்களில் அந்த இடத்துக்குச் சிறைக்கைதிகள் வந்தார்கள். வட கரோலினாவின் ராலே மாளிகையைக் கைதிகளை வைத்தே கட்டினார்கள். வெளி நடைபாதையில் குனிந்து பார்த்தால் செங்கல்லில் அவர்களுடைய பெயர்கள் தெரியும். ஜார்ஜியாவில் 1971ல் ஜிம்மி கார்ட்டர் ஆளுநரானபோது, அவருடைய சின்ன மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒரு கறுப்பினப் பெண். அவர் குற்றவாளி அல்ல என்று ரோசலின் கார்ட்டர் உறுதியாக நம்பினார். வெள்ளை மாளிகைக்கும் அவரை அழைத்துப் போனார்கள், பின்னால் அவருக்கு முழு மன்னிப்பு கிடைத்தது. 'முதல் பெண்மணிகள்' வரிசைப் படங்களில் இந்த முகங்கள் எதுவும் இல்லை.

மனைவி இல்லாத கவர்னர்னா யார் வரவேற்பாங்க?

பெரும்பாலும் மகள். ஒஹாயோவில் 1856ல் ஆளுநரான சாமன் சேஸ் மூன்று மனைவிகளையும் இழந்தவர். மகள் கேட் அப்போது பதின்வயதுப் பெண். கொலம்பஸில் அப்பாவின் விருந்தினர்களை அவள்தான் உபசரித்தாள். அந்தப் பயிற்சியோடுதான் பிறகு வாஷிங்டன் போய், லிங்கன் கால அரசியல் வட்டாரமே பேசும் அளவுக்கு விருந்துகள் நடத்தினாள். ராலே மாளிகையில் 1891ல் முதலில் குடியேறிய ஆளுநர் டேனியல் ஃபவுலும் மனைவியை இழந்தவர், அங்கேயும் மகள் ஹெலன்தான். பாவம், சில மாதங்களிலேயே அதே வீட்டில் ஃபவுல் இறந்துபோனார். அவருடைய கட்டிலை எண்பது வருடம் கழித்து ஓர் ஆளுநர் வேறு அறைக்கு மாற்றினாராம், அன்று முதல் ராத்திரியில் சுவருக்குள் தட்டும் சத்தம் கேட்டதாம். சுற்றிக்காட்டுகிறவர்கள் இந்தக் கதையை விடுவதே இல்லை.

எல்லோரும் மாளிகையை விரும்பினார்கள் என்றும் இல்லை. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ மாளிகை தீப்பிடித்தால் தப்ப வழியில்லாத பழைய மரவீடு என்று 1967ல் நான்சி ரீகன் சில மாதங்களிலேயே வெளியேறிவிட்டார். ரீகன் காலத்தில் கட்டத் தொடங்கிய புது வீட்டில், அடுத்து வந்த ஜெர்ரி பிரவுன் கால் வைக்க மறுத்தார். அப்போது அவர் கல்யாணமாகாதவர். வாடகைக்கு ஒரு அபார்ட்மெண்ட் எடுத்து, தரையில் மெத்தை போட்டுப் படுத்தார். அதே மனிதர் மீண்டும் ஆளுநராகி, 2015ல் மனைவி ஆன் கஸ்டோடு பழைய மரவீட்டைச் செப்பனிட்டுக் குடியேறினார்.

வேலைக்குப் போற மனைவியா இருந்தா? ரெண்டையும் எப்படி சமாளிப்பாங்க?

எலினார் ரூஸ்வெல்ட்டைப் பாருங்கள். 1929 முதல் 1932 வரை கணவர் ஃபிராங்ளின் நியூயார்க் ஆளுநர், வீடு ஆல்பனியில். எலினார் நியூயார்க் நகரில் டாட்ஹண்டர் பள்ளியில் ஆசிரியை. வாரத் தொடக்கத்தில் ரயிலேறிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, புதன்கிழமை வாக்கில் திரும்பி வந்து விருந்தினர்களைப் பார்ப்பார். அவர் இல்லாத நாட்களில் கணவரின் செயலாளர் மிஸ்ஸி லெஹேண்ட் அந்த இடத்தில் இருந்தார்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. போலியோவால் நடக்க முடியாத கணவருக்குப் பதிலாக எலினார்தான் அரசு மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் உள்ளே போய்ப் பார்த்து வருவார். முதலில் சாப்பாட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு வந்து ஒப்பித்தார். பட்டியலில் இருப்பதுதான் தட்டில் விழுந்ததா என்று கணவர் கேட்டார். அடுத்த முறையிலிருந்து பானையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். கட்டில்கள் நெருக்கமாகக் கிடக்கின்றனவா, ராத்திரி மட்டும் விரித்துப் பகலில் மறைக்கிறார்களா என்று கவனிக்கக் கற்றுக்கொண்டார்.

அர்கான்சஸில் ஆளுநர் பில் கிளிண்டனின் மனைவி ஹிலாரி வழக்கறிஞர் வேலையை விடவில்லை. ரோடம் என்ற பிறந்த வீட்டுப் பெயரையும் வைத்திருந்தார். கணவர் 1980ல் தோற்றபோது அந்தப் பெயரும் ஒரு காரணம் என்று பேச்சு எழுந்து, 1982 தேர்தலில் கிளிண்டன் என்று சேர்த்துக்கொண்டார். அடுத்த வருடமே பள்ளிக் கல்வித் தரத்தைச் சீரமைக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பென்சில்வேனியாவில் மார்ஜரி ரெண்டல் 2003லிருந்து எட்டு வருடம் முதல் பெண்மணி, கூடவே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி. இரண்டையும் சேர்த்தே செய்தார்.

விருந்து வைக்கறதைத் தவிர உருப்படியா யாராவது செஞ்சிருக்காங்களா? கோவிச்சுக்காதீங்க.

கோபம் இல்லை தம்பி. விருந்தும் உருப்படியான வேலைதான், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாத ஆட்களுக்குள் சட்டம் பேசி முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சட்டமன்றத்துக்காரர்களைக் கேளுங்கள். நீங்கள் கேட்கிற பொருளில் இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ரோசலின் கார்ட்டர், கணவருக்காக ஓட்டுக் கேட்டு ஜார்ஜியா முழுக்கச் சுற்றியபோது, விடிவதற்கு முன்னால் ஒரு பஞ்சாலை வாசலில் நின்றார். ராத்திரி ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். வீட்டில் மனநலம் சரியில்லாத மகள், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தூங்க எங்கே நேரம் என்றாள். அன்றைக்கே கணவரின் கூட்டத்துக்குப் போய், கைகுலுக்கும் வரிசையில் ரோசலினும் போய் நின்றார். 'நீ எங்கே இங்கே?' என்றார் ஜிம்மி. 'நீங்கள் ஆளுநரானால் மனநலத்துக்கு என்ன செய்வீர்கள், அதைத் தெரிந்துகொள்ள வந்தேன்' என்றார். ஜெயித்ததும் ஜிம்மி அமைத்த மனநல ஆணையத்தில் ரோசலினும் உறுப்பினர். அன்று பிடித்த வேலையை 2023ல் சாகும்வரை விடவில்லை.

இன்னொருவர் பெட்டி பம்பர்ஸ், அர்கான்சஸ், 1971 முதல் 1975 வரை. முன்னாள் பள்ளி ஆசிரியை. தடுப்பூசி போடாத குழந்தைகள் அந்த மாநிலத்தில் மிக அதிகம் என்று தெரிந்ததும், செவிலியர்கள், தேசியக் காவல் படை, ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் என்று ஆள் திரட்டி முகாம்கள் நடத்தினார். கார்ட்டர் 1977ல் ஜனாதிபதியானதும் ரோசலினும் இவரும் சேர்ந்து அதை நாடு முழுக்கக் கொண்டுபோகத் தள்ளினார்கள். 1989ல் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பிறகு, 1991ல் இதற்கென்றே இருவரும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆளுநர் மாளிகையில் இருவரும் நான்கே வருடம் இருந்தவர்கள்.

கணவர்கள் இந்த இடத்துக்கு எப்போ வந்தாங்க?

வந்த விதமே ஒரு கதை. முதல் பெண் ஆளுநர் வயோமிங்கின் நெல்லி டெய்லோ ராஸ், 1925 ஜனவரி 5ல் பதவியேற்றார். ஆளுநராக இருந்த கணவர் இறந்ததால் வந்தவர், ஆகவே வீட்டில் கணவர் இல்லை. பதினைந்து நாள் கழித்து டெக்சாஸில் மிரியம் ஃபெர்குசன். கணவர் ஜிம் 1917ல் பதவிநீக்கத் தீர்மானத்தில் ஆளுநர் பதவி இழந்தவர். ஒரு விலைக்கு இரண்டு ஆளுநர் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார்கள். அலபாமாவில் 1967ல் லர்லீன் வாலஸ், தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க ஜார்ஜ் வாலஸுக்குச் சட்டம் இடம் கொடுக்காததால் நிறுத்தப்பட்டவர். ஆட்சி கணவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் அரசு மனநல விடுதிகளை நேரில் பார்த்துக் கலங்கி, அவற்றுக்குப் பணம் ஒதுக்கவைத்தது லர்லீன். அடுத்த வருடம் மே மாதம் புற்றுநோயில் இறந்தார்.

கணவர் பெயரால் வராமல் சொந்தப் பெயரில் ஜெயித்த முதல் பெண் கனெக்டிகட்டின் எல்லா கிராஸோ, 1974 தேர்தலில். அவர் கணவர் பள்ளித் தலைமையாசிரியர். அதிலிருந்துதான் உண்மையில் 'ஃபர்ஸ்ட் ஜென்டில்மேன்' தொடங்குகிறது. அலாஸ்காவில் ஆளுநர் சாரா பாலினின் கணவர் டாட் பாலினை 'ஃபர்ஸ்ட் டூட்' என்று கூப்பிட்டார்கள். கொலராடோவில் 2019 முதல் மார்லன் ரீஸ், ஆளுநர் ஜாரெட் போலிஸின் ஆண் துணைவர், 2021ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். கலிபோர்னியாவில் ஜெனிஃபர் சீபல் நியூசம் 2019ல் 'ஃபர்ஸ்ட் பார்ட்னர்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார். அடுத்து யார் வந்தாலும் பொருந்துகிற பெயர் என்பதால் எனக்கு அதில் சம்மதம்.

இந்திய வம்சாவளியில யாராவது?

லூயிசியானாவில் பாபி ஜிண்டாலின் மனைவி சுப்ரியா, டெல்லியில் பிறந்த வேதிப் பொறியாளர், 2008 முதல் 2016 வரை. தென் கரோலினாவில் ஆளுநராக இருந்த நிக்கி ஹேலிதான் இந்திய வம்சாவளி. அப்போது அவர் கணவர் மைக்கேல், தேசியக் காவல் படை அதிகாரியாக 2013ல் ஆப்கானிஸ்தான் போனார்.

விருந்து வெச்சதால ஜெயிலுக்குப் போனாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

வர்ஜீனியா விஷயத்தைச் சொல்கிறீர்கள். ஜெயிலுக்குப் போகவில்லை. ஆளுநர் பாப் மெக்டானலும் மனைவி மோரீனும் ஒரு தொழிலதிபரிடம் 1,75,000 டாலருக்கு மேல் பரிசும் கடனும் வாங்கினார்கள் என்பது வழக்கு. அவருடைய நிறுவனத்தின் புதுப் பொருளை அறிமுகம் செய்ய 2011 ஆகஸ்டில் அந்த 1813ம் வருட மாளிகையிலேயே மதிய விருந்து நடந்தது. 2014ல் இருவருக்கும் குற்றத் தீர்ப்பு. 2016ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஆளுநர் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்வதோ விருந்து நடத்துவதோ மட்டும் சட்டம் சொல்லும் 'அதிகாரபூர்வச் செயல்' ஆகாது என்றார்கள். பிறகு இருவர் மீதும் வழக்கு கைவிடப்பட்டது. வர்ஜீனியா இதற்குள் பரிசுக்கு 100 டாலர் வரம்பு வைத்துவிட்டது.

சட்டம் அப்படிச் சொல்கிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை மாநிலத்தின் சொத்து. அதில் யாரை உட்காரவைப்பது என்பதற்கு விலை இருப்பதால்தானே ஆட்கள் பரிசோடு வருகிறார்கள்?

ஓரிகனில் 2015ல் ஆளுநர் கிட்ஸ்ஹாபர் நான்காம் முறை பதவியேற்ற ஐந்தே வாரத்தில் விலகினார். அவர் மணக்கவிருந்த சில்வியா ஹேஸ், முதல் பெண்மணி என்ற அடையாளத்தோடு தனியார் ஆலோசனைத் தொழிலையும் நடத்தியது காரணம். கூட்டாட்சி விசாரணை குற்றச்சாட்டு இல்லாமல் முடிந்தது, மாநில நெறிமுறை ஆணையம் இருவரும் விதி மீறினார்கள் என்றது. அதே மாநிலத்தில் 2024ல் ஆளுநர் டினா கோடெக் தன் மனைவிக்கென அலுவலகம் அமைக்க யோசித்தபோது, மூத்த அதிகாரிகள் சிலர் விலக, அப்படி எதுவும் அமைக்கப்போவதில்லை என்று அறிவித்து மன்னிப்பும் கேட்டார். எழுதிவைத்தாலும் சண்டை, எழுதாவிட்டாலும் சண்டை. எழுதிவைத்துவிட்டுச் சண்டை போடுவது மேல் என்பது என் கட்சி.

எல்லா மாநிலத்திலும் மாளிகை இருக்கா?

இல்லை. மசாசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வெர்மாண்ட், அரிசோனா போன்றவற்றில் கிடையாது, சொந்த வீடுதான். இருக்கிற இடங்களில் அதைக் காப்பாற்றுவதே பெரிய பாடு. ஆஸ்டின் மாளிகைக்குப் பழைய மரச்சாமான்கள் வாங்க, அதைப் பராமரிக்க, 1979ல் முதல் பெண்மணியான ரீட்டா கிளெமென்ட்ஸ் நன்கொடை திரட்டினார். 2008 ஜூன் 8 அதிகாலை யாரோ அந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். நல்லவேளை, பழுதுபார்ப்புக்காகச் சாமான்களையெல்லாம் முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நாலு வருடம் கழித்து வீடு எழுந்தபோது அவை திரும்பி வந்தன.

நாங்க உள்ள போய்ப் பாக்க முடியுமா அக்கா? குழந்தைகளோட வர்றோம்.

தாராளமாக. பல மாளிகைகளில் முன்பதிவு செய்தால் சுற்றிக்காட்டுவார்கள். டிசம்பரில் போனால் இன்னும் நல்லது, கிறிஸ்துமஸ் சமயத்தில் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும். அலாஸ்காவின் ஜூனோவில் 1913லிருந்து இந்த வழக்கம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரின்போது இரண்டு வருடம் விட்டுப்போனது. குளிரில் வரிசையில் நின்று உள்ளே போனால் ஆளுநரும் துணைவரும் கைகுலுக்குவார்கள், குக்கீஸ் தருவார்கள். ராலே உங்களுக்குப் பக்கமென்றால், உள்ளே நுழைவதற்கு முன் குழந்தைகளை நடைபாதையில் நிறுத்தி, செங்கல்லில் எத்தனை பெயர் படிக்க முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.