தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்குள்ளேயே படிக்க வைக்க வேண்டும்: யூகேஇசட்என்னா, டியூடியா?

"மகன் அடுத்த வருடம் மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு). எஞ்சினியரிங் மாதிரி ஏதாவது படிக்க ஆசைப்படுகிறான். மாகாணத்தை விட்டு அனுப்ப எங்களுக்கு மனமில்லை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் (யூகேஇசட்என்) நல்லதா, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (டியூடி) நல்லதா? விடுதி எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த "எது நல்லது" என்பதை 2017-ல் நான் டர்பன் முழுக்கக் கேட்டுத் திரிந்தேன். கோயிலில், கல்யாண மண்டபத்தில், பல் டாக்டரிடம்கூடக் கேட்டேன். எல்லாரும் பதில் சொன்னார்கள். அதை நம்பி என் மகளுடைய ஒரு வருடத்தைத் தொலைத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பார்த்தால் நீங்களும் என்னைப்போல ஊரிலிருந்து வந்தவர் மாதிரித் தெரிகிறது. இங்கேயே பிறந்தவர்கள் இதைத் தமிழில் கேட்டிருக்க மாட்டார்கள். குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரரே இங்கே நான்காம் தலைமுறை. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு என்னைவிட நன்றாகப் பாடுவார். நான் கும்பகோணம் பக்கம். 1999-ல் கல்யாணமாகி டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸுக்கு வந்தேன். வரும்போது நகை, புடவையோடு ஊர்ப் புத்தியையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். படிப்பென்றால் மேலே டாக்டர், அடுத்து எஞ்சினியர், கடைசியில் பாலிடெக்னிக். இந்த ஏணி எனக்கு மனப்பாடம்.

நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் வந்த பிறகுதான் கவுன்சிலிங். கையில் கட்-ஆஃப் இருக்கும், மீதமுள்ள இடங்களைப் பார்த்துப் பார்த்து எடுக்கலாம். இங்கே கதையே வேறு. மாகாணத்தின் நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும், அதாவது யூகேஇசட்என், டியூடி, சுலுலாந்து, உம்லாசியில் இருக்கும் மங்கோசுத்து, இவற்றுக்கெல்லாம் சேர்த்து சிஏஓ என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் ஒன்றுதான். மெட்ரிக் பரீட்சை எழுதுவதற்கு முன்பே, செப்டம்பர் கடைசிக்குள், ஆறு படிப்புகளை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் கட்டணம் கூடும். பதினொன்றாம் வகுப்பு மார்க்கை வைத்தே பல படிப்புகளுக்குத் தற்காலிக இடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு அடுத்த வருடம்தான் முக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், இந்த வருட மார்க்கும் பேசப் போகிறது.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஆறு பெட்டியையும் என் ஏணியின் ஆறு படிகளாகத்தான் பார்த்தேன்.

மகளுக்கு ரேடியோகிராபி படிக்க ஆசை. எக்ஸ்-ரே, சிடி ஸ்கேன் எடுக்கிறார்களே, அது. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது அவரை வலிக்காமல் திருப்பிப் படமெடுத்த ஒரு பெண்ணைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்த எண்ணம். யூகேஇசட்என்னில் அந்தப் படிப்பு கிடையாது, டியூடியில்தான் இருக்கிறது. அவள் ஒரு தாளில் பென்சிலால் வரிசை எழுதி வைத்திருந்தாள். முதலில் ரேடியோகிராபி. நான் அழிரப்பரை எடுத்தேன்.

மருத்துவம், பார்மசி, பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, அப்புறம் ஒரு பிஎஸ்சி, ஆறாவதாக அவள் கேட்டது. "டெக்னிகானுக்கா போகப் போகிறாய்?" என்றேன். டெக்னிகான் என்றால் இங்கத்திய பாலிடெக்னிக் மாதிரி; அந்தப் பெயரே போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நட்டால் டெக்னிகானும் எம்.எல்.சுல்தான் டெக்னிகானும் 2002-ல் ஒன்றாகிவிட்டன, 2006-லிருந்து அது டியூடி என்ற பல்கலைக்கழகம். என் வாயில் மட்டும் பழைய பெயர். வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் பிட்டர். "நல்ல வேலைதானே, மிஷின் கெட்டால் என்னைக் கூப்பிடுவாள்" என்று சிரித்தார். எம்.எல்.சுல்தான் கொல்லத்திலிருந்து 1890-ல் ஒப்பந்தக் கூலியாக வந்தவர், அவர் கொடுத்த பணத்தில் எழுந்த இடம் அது, உனக்கு அது இளக்காரமா என்றும் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. மகள், "சரிம்மா, இது உங்க லிஸ்ட்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஆறு பெட்டிக்கும் குறியீட்டு எண்களைத் தட்டி அனுப்பியது நான்.

வீட்டுக்காரரின் பெரியப்பா அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தார். 1960-களில் சாலிஸ்பரி தீவில் படித்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை அன்றைய அரசு 1961-ல் டர்பன் துறைமுகத் தீவில், கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்களில் திறந்தது. தினமும் படகில் போய்வர வேண்டும். அதுதான் 1972-ல் வெஸ்ட்வில் மலைக்கு மாறி, 2004-ல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய யூகேஇசட்என் ஆனது. பெரியப்பா சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒரே பெட்டி, அதையும் அரசாங்கமே நிரப்பிக் கொடுத்தது. இவளுக்கு ஆறு. அதை நீ நிரப்புகிறாய்." எனக்குக் கோபம் வந்தது. வடை வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஜனவரியில் ரிசல்ட். மோசமில்லை, ஆனால் மருத்துவத்துக்குப் போதாது. நான் லைஃப் ஓரியண்டேஷன் மார்க்கையும் கூட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்; யூகேஇசட்என் புள்ளிக் கணக்கில் அந்தப் பாடத்தைச் சேர்ப்பதே இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. மேலே இருந்த நான்கும் போய், ஐந்தாவது கிடைத்தது. பிஎஸ்சி. எந்த வளாகம் என்று எழுதவில்லை, அவர்கள்மேல் ஒரு தப்பும் கிடையாது. பிடிக்காத படிப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் எங்கே போனாலும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஜூன் பரீட்சையில் கணக்கு போயிற்று. நவம்பரில் வேதியியலும் போயிற்று.

பணம்? அதுதான் இன்னொரு வேதனை. 2017 டிசம்பரில், குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் படிப்புச் செலவை என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவித் திட்டம் ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. என் மகள் சேர்ந்த அதே வருடத்திலிருந்து. எங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டினால் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. அவருடைய ஓவர்டைம் இல்லையென்றால் உள்ளே இருந்திருப்போம். இங்கே இதற்கு "மிஸ்ஸிங் மிடில்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில் எனக்குப் பொறாமை என்று யாரும் கீழே எழுத வேண்டாம், அவர்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் ஓவர்டைம் செய்தவன் மகளுக்குக் கட்டணம், செய்யாதவன் மகளுக்கு இலவசம் என்பது எந்தக் கணக்கோ எனக்குப் புரியவில்லை. நீங்கள் வேலை விசாவில் இருந்தால் இந்தப் பத்தியே உங்களுக்கு வேண்டாம். குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான் அது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்த தைப்பூசக் காவடியில் மகளின் பள்ளித் தோழியைப் பார்த்தேன். சாட்ஸ்வொர்த் பெண். என் மகளைவிட மார்க் குறைவு. ரேடியோகிராபியை முதலில் போட்டு, இடம் வாங்கி, ஒரு வருடம் முடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் என்னென்ன செய்கிறோம் என்று உற்சாகமாகச் சொன்னாள். என் மகள் பக்கத்தில் பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நல்லவேளை, அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே எனக்குத் தெரியாமல் அவள் மறுபடி விண்ணப்பித்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியும். முதல் பெட்டியில் ரேடியோகிராபி. 2019-ல் சேர்ந்தாள். நான்கு வருடப் பட்டம், நடுவில் கொரோனா. முடித்து, கட்டாய சமூகசேவை வருடத்தை வடக்கே ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் செய்தாள். என் ஏணியில் அது எத்தனையாவது படி என்று இப்போது யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

சரி, உங்கள் கேள்வி.

எஞ்சினியரிங் என்றால் இரண்டிலும் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. யூகேஇசட்என்னின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் நான்கு வருட பிஎஸ்சி எஞ்சினியரிங். அதுதான் பின்னால் தொழில்முறை எஞ்சினியராகப் பதிவு செய்துகொள்ளும் நேர்வழி. டியூடியில் பட்டயமும் உண்டு, எஞ்சினியரிங் டெக்னாலஜி பட்டமும் உண்டு. பட்டயம் டெக்னீஷியன் பதிவுக்கு, பட்டம் டெக்னாலஜிஸ்ட் பதிவுக்கு. பட்டயம் முடித்தவன் பட்டத்துக்கு மேலான ஹானர்ஸுக்கு நேராகப் போக முடியாது; மேல்நிலைப் பட்டயம் என்று நடுவில் ஒரு படி உண்டு. இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. சில பட்டயங்களுக்குத் தொழிற்சாலைப் பயிற்சியும் கட்டாயம், அந்த இடம் கிடைக்காமல் காகிதம் கைக்கு வராமல் நிற்கும் பிள்ளைகளை வீட்டுக்காரர் ஆலை வாசலிலேயே பார்க்கிறார். மகன் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருக்கிற ரகமா, கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிற ரகமா என்று உங்களுக்குத்தான் தெரியும். இல்லை, அவனுக்குத்தான் தெரியும்.

டியூடிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மகன் ஹோவர்ட் காலேஜில் எலக்ட்ரிகல் படிக்கிறான். கேப் டவுன் பல்கலைக்கழகம், ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ், அங்கெல்லாம் அனுப்பக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: அனுப்பலாம், கேள்வி கேட்டவர் வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான்.

மகன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து ஒரு கடிதம். மேத்ஸை விட்டு மேத்ஸ் லிட்டரசிக்கு, அதாவது அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் சுலபப் பாடத்துக்கு, மாற்றினால் அவனுக்கு "அழுத்தம் குறையும்" என்று. பள்ளியின் பெயர் வேண்டாம். யாருக்கு அழுத்தம் குறையும்? தேர்ச்சி சதவீதத்தை பேனரில் எழுதி வாசலில் தொங்க விடுகிறவர்களுக்கு. மேத்ஸ் லிட்டரசியோடு எஞ்சினியரிங்கின் வாசலையே மிதிக்க முடியாது, பிகாமுக்கும் முடியாது. அந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் போய்க் கத்தினேன். அவ்வளவு கத்தியிருக்க வேண்டியதில்லை, ஆனால் கத்தினேன். ஐம்பது மார்க் வாங்கிக்கொண்டிருந்தவன் டியூஷனில் தேறி மேலே வந்தான். அவன் வகுப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெற்றோர் பலர். உங்கள் மகன் எடுத்திருப்பது மேத்ஸா, மேத்ஸ் லிட்டரசியா என்று இன்றைக்கே பாருங்கள். இரண்டாவது என்றால் மேலே நான் எழுதியது பெரும்பாலும் வீண்.

யூகேஇசட்என் என்றால் சுலு தெரியாத பிள்ளைகள் ஒரு சுலு பாடம் தேற வேண்டும், 2014-லிருந்து அப்படி. பயப்பட வேண்டாம். என் மகன் அப்பாவிடம் கேட்டு வீட்டுப்பாடம் எழுதினான்; அவருக்குத் தெரிந்தது ஆலையில் பேசும் ஃபனகலோ என்ற கலப்பு மொழி, வகுப்பே சிரித்திருக்கிறது. சுலு படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, இருக்கிற மண்ணின் மொழி. வெஸ்ட்வில்லில் ஒரு காலத்தில் தமிழிலும் பட்டம் வாங்க முடிந்தது, இன்று இல்லை என்பதுதான் மனதை உறுத்துகிறது. அதை மூடியபோது நம் ஆட்கள் எத்தனை பேர் பிள்ளைகளை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

விடுதி. டர்பனுக்குள்ளேயே வீடு இருந்தால் வளாக விடுதி கிடைப்பது கஷ்டம், தூரத்துப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. பயணத்தைக் கணக்குப் போடுங்கள். ஃபீனிக்ஸிலிருந்து டியூடிக்கு நகரம் வரை ஒரு டாக்ஸி (இங்கே டாக்ஸி என்றால் பலர் சேர்ந்து போகும் மினிபஸ்), அப்புறம் நடை. ஹோவர்ட் காலேஜ் என்றால் நகரத்தில் இறங்கி, மேட்டுக்கு இன்னொரு டாக்ஸி. ஆசிரியர் படிப்பென்றால் பைன்டவுன் பக்கம் எட்ஜ்வுட், விவசாயம் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். சுலுலாந்து பல்கலைக்கழகம் எம்பங்கேனி பக்கம், அதற்கு விடுதி இல்லாமல் முடியாது. ஒரு சனிக்கிழமை மகனை மட்டும் டாக்ஸியில் அனுப்பிப் பாருங்கள். நீங்கள் காரில் கொண்டுபோய்க் காட்டினால் எல்லா வளாகமும் அழகாகத்தான் இருக்கும்.

மற்றபடி வெஸ்ட்வில்லிலும் ஹோவர்ட் காலேஜிலும் குரங்குகள் உண்டு. பையை மூடி வைத்திருக்கச் சொல்லுங்கள். என் மகனுடைய புளியோதரையில் பாதி அவற்றுக்குத்தான் போகிறது.