செய்தித்துறைக்குப் போகத் துடிக்கும் மகளும் சேர்ச்சில் விமான நிலையமும்

மதிப்புக்குரிய ஐயா,

12ஆம் தரத்தில் படிக்கும் உங்கள் மகள் தொலைக்காட்சிச் செய்தித்துறைக்குத்தான் போவேன் என்று நிற்பதாகவும், நீங்கள் கணக்கியல் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் "பீற்றர் மான்ஸ்பிரிட்ஜ் உயர்நிலைப் பள்ளியையே முடிக்கவில்லையே" என்று வாயடைத்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கனடாவின் புகழ்பெற்ற தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பாளரான மான்ஸ்பிரிட்ஜைப் பற்றிப் பிள்ளை சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் இன்று எவருக்கும் பயன்படாத பகுதியைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

1968இல் மான்ஸ்பிரிட்ஜ், ஹட்சன் விரிகுடாக் கரையில், இன்றுவரை தரைவீதித் தொடர்பே இல்லாத சேர்ச்சில் என்ற சிற்றூரின் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். விமானம் புறப்படுவதை ஒலிபெருக்கியில் அறிவித்த அவருடைய குரல் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி.யின் உள்ளூர் வானொலி மேலாளரின் காதில் விழ, இரவு நேர இசை நிகழ்ச்சியை நடத்தும் வேலை கிடைத்தது. எல்லோரும் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கோ இதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். இசை நிகழ்ச்சியோடு இருந்துவிடாமல் அந்த நிலையத்தின் செய்திச் சேவையை வளர்த்தெடுப்பதில் இறங்கினார். 1971இல் வின்னிபெக்கில் வானொலி நிருபர், அடுத்த ஆண்டு தொலைக்காட்சி, 1975இல் சி.பி.சி.யின் முதன்மை இரவுச் செய்தியான 'த நஷனல்' நிகழ்ச்சிக்குச் சஸ்காச்சுவான் நிருபர், 1976இல் ஒட்டாவாவில் நாடாளுமன்ற நிருபர் என்று நகர்ந்து, 1988இல்தான் அந்நிகழ்ச்சியின் முதன்மைத் தொகுப்பாளர் நாற்காலியில் அமர்ந்தார். ஒலிபெருக்கிக்கும் நாற்காலிக்கும் இடையே 20 ஆண்டுகள்! 2017 ஜூலை 1ஆம் திகதி, நாட்டின் 150ஆவது பிறந்தநாள் ஒளிபரப்போடு விடைபெறும்வரை அதை விட்டு அவர் எழவில்லை.

உங்கள் அச்சமும் வெறும் அச்சமல்ல. 2024 பெப்ரவரியில் தொலைத்தொடர்பு, ஊடக நிறுவனமான பெல் தன் பல்வேறு பிரிவுகளிலும் சேர்த்து 4,800 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தபோது, 45 வானொலி நிலையங்களை விற்கப்போவதாகவும் சொன்னது. நாற்காலிகள் எப்போதும் சிலவே. சிறு நகர நிலையங்கள் என்ற கீழ்ப்படிகள் ஆட்டம் காண்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆகவே பட்டம் தேவை. ஒட்டாவாவின் கால்ரன் பல்கலைக்கழகத்திலும் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்திலும் இதழியலை நேரடியாக இளநிலைப் பட்டமாகப் படிக்கலாம். பொருளியலிலோ அரசியல் அறிவியலிலோ முதற் பட்டம் பெற்று, பின்பு இதழியலில் முதுநிலைக்குப் போவது இன்னொரு வழி. வீட்டில் இத்தனை கலக்கம் இருக்கையில் நான் இதையே விரும்புவேன், ஏனெனில் இடையில் மனம் மாறினாலும் முதற் பட்டம் கைகொடுக்கும். பிரெஞ்சு மொழியை மட்டும் எக்காரணம் கொண்டும் கைவிட வேண்டாம்.

விண்ணப்பிக்க ஜனவரி நடுப்பகுதி வரை காலம் இருக்கிறது. அதற்குள் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ரொறன்ரோ நகரசபையின் ஸ்காபரோ சமூக மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. மகள் ஒரு கூட்டத்தில் முழுமையாக இருந்து, வாகனத் தரிப்பிடம், மரம் வெட்டும் அனுமதி என்று நீளும் சலிப்பான விவாதங்களைக் கேட்டு, அவற்றில் ஒன்றை 90 ஆங்கிலச் சொற்களில் எழுதட்டும். 30 வினாடியில் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவையும், எழுதி அடித்துத் திருத்திய தாளையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். நான் முதலில் தாளைத்தான் பார்ப்பேன்.