டிராஃபிக்ல வர்ற எரிச்சலை கார்ட்டூனா வரைஞ்சா கோபம் குறையுமா, இல்ல இது வெறும் டைம்பாஸா? அந்தப் படம் யாரையாவது புண்படுத்துமா?

நீங்களும் தினமும் டூவீலர்ல போய் சிக்னல்ல வெந்து வர்ற ஆள்தான்னு நினைக்கிறேன், இல்லன்னா இப்படி ஒரு கேள்வி வராது. என் அனுபவத்துல குறையும். எல்லாருக்கும் குறையுமான்னு கேட்டா, அதுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது.

மேடவாக்கத்துல இருந்து கிண்டிக்கு ஒன்பது வருஷமா பைக்தான். மெட்ரோ வேலைக்கு பேரிகேட் வச்சதுக்கு அப்புறம் ரோடு பாதியாச்சு, என் பொறுமையும் பாதியாச்சு. ஒருநாள் காலையில முன்னாடி போன ஷேர் ஆட்டோ சட்டுனு ஓரங்கட்டி நின்னுச்சு, நான் பிரேக் அடிச்சு கால ஊனி, ஹாரன்ல இருந்து கைய எடுக்காம "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா"ன்னு கத்தினேன், அதோட நிறுத்தியிருக்கலாம், இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னேன், அத இங்க எழுத முடியாது. பக்கத்துல வந்தப்பதான் பாத்தேன், பூக்காரம்மா ஒருத்தங்க இறங்கிட்டு இருந்தாங்க, டிரைவர் அண்ணன் சீட்ல இருந்து திரும்பி ஒரு கையால அவங்க கூடைய பிடிச்சுட்டு இருந்தாரு. கூடை மேல ஈரத்துணி, அதுல இருந்து தண்ணி சொட்டி அவர் காக்கி சட்டை கை முழுக்க நனைஞ்சிருந்துச்சு. நான் கத்தினதுக்கு அவர் ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கு ஆபீஸ்ல எனக்கு வேலையே ஓடல.

ராத்திரி அத வரைய உக்காந்தேன். ஸ்கூல்ல வரைஞ்சதோட சரி, இருந்தாலும் கூடை வந்துச்சு, நனைஞ்ச கை வந்துச்சு, மூஞ்சி வரல. ஏன்னா நான் பாக்கவே இல்ல. டிராஃபிக்ல நாம யார் மூஞ்சியையும் பாக்குறதில்லங்க, முதுகும் நம்பர் பிளேட்டும்தான் பாக்குறோம், முதுகப் பாத்து திட்டுறது ரொம்ப ஈஸி.

மறுநாள்ல இருந்து சிக்னல்ல நின்னா மூஞ்சியா பாக்க ஆரம்பிச்சேன். (வண்டி ஓட்டிக்கிட்டே வரையுறியான்னு கமெண்ட்ல வராதீங்க, வரையுறது வீட்டுக்கு வந்துதான், பால் பாயிண்ட் பேனா, பழைய டைரி, அவ்ளோதான்.) டைமர்ல இன்னும் அஞ்சு செகண்ட் இருக்கும்போதே ஹாரன் அடிக்கிறவருக்கு தலைக்கு பதிலா மூணாவது விசில் விடுற குக்கர் போட்டேன். ஹெல்மெட்ட பெட்ரோல் டேங்க் மேல வச்சுட்டு போறவர வரைஞ்சப்போ, டேங்குக்கு கண்ணு மூக்கு வச்சு 'நான் சேஃப்'னு சிரிக்க வச்சேன். பிளாட்ஃபார்ம்ல ஏறி வர்ற பைக்குக்கு நண்டு கால். ஸ்கூல் வேன் ஜன்னல் கம்பியில கன்னத்த சாய்ச்சு தூங்குற பாப்பாவ மட்டும் கேலியா மாத்த மனசு வரல, கன்னத்துல கம்பி பதிஞ்ச ரெண்டு கோடு, ஓரத்துல கொஞ்சம் எச்சில், அப்படியே வரைஞ்சேன். சுத்தி நூறு ஹாரன். அதுக்கப்புறம் ஹாரன் பக்கம் விரல் போறப்பல்லாம் அந்த கன்னம் ஞாபகம் வருது.

படம் வரைஞ்சா ரோடு அகலமாயிடுமான்னு கேப்பாங்க. ஆகாது. ஆனா சிரிப்புக்கு ஒரு வேலை இருக்கு. கொலம்பியாவோட தலைநகர் பொகோட்டாவுல 1990கள்ல மேயரா இருந்த அன்டானாஸ் மோக்கஸ், ரோட்டுல ரூல்ஸ் மீறுறவங்கள நடிச்சு கிண்டல் பண்ண மைம் (பேச்சே இல்லாத நடிப்பு) கலைஞர்கள இறக்கினாரு, முதல்ல 20 பேர், ஜனங்களுக்கு பிடிச்சுப்போய் அப்புறம் இன்னும் 400 பேருக்கு டிரெய்னிங் குடுத்தாங்க. ஃபைன் கட்டினா மறந்துடுவோம், நாலு பேர் முன்னாடி நம்மள நமக்கே நடிச்சுக் காட்டினா மறக்காது. பெங்களூர்ல 2015ல பாதல் நஞ்சுண்டசாமிங்கிற ஓவியர் ரோட்டுப் பள்ளத்துல பொம்மை முதலைய கொண்டாந்து வச்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். என்னைப் பொறுத்தவரை அது இன்னும் உசத்தி, ஏன்னா அங்க கேலி ஜனங்க மேல இல்ல, பள்ளத்த மூடாதவங்க மேல.

இன்னொன்னு, சொல்லாம இருக்க முடியல. அந்த குக்கர் தலை படத்த ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல போட்டேன், ரெண்டே நாள்ல என் அப்பார்ட்மென்ட் குரூப்புக்கே திரும்பி வந்துச்சு, கீழ ஓரத்துல இருந்த என் கையெழுத்த வெட்டிட்டு எவனோ அவன் பேஜ் லோகோவ ஒட்டியிருக்கான். மெசேஜ் பண்ணினா "இன்டர்நெட்ல கிடைச்சது ப்ரோ"ன்னு பதில். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கண்ணு எரிய எரிய வரைஞ்சது சார் அது. பணம் கேக்கல, பேர் போடுறதுக்கு என்ன கேடு? அதனால நீங்க வரைஞ்சா கையெழுத்த ஓரத்துல போடாதீங்க, படத்துக்கு நடுவுல, வெட்ட முடியாத இடத்துல போடுங்க. நான் இப்போ நம்பர் பிளேட்லதான் போடுறேன்.

புண்படுத்துமான்னும் கேட்டிருந்தீங்க. அடையாளம் தெரியுற மாதிரி யாரையும் வரையாதீங்க, டெலிவரி பசங்கள வரைஞ்சா அவங்க போன்ல ஓடுற டைமையும் சேத்து வரைங்க, அவங்க அவசரம் அவங்களோடது இல்ல. அந்த ஷேர் ஆட்டோ அண்ணன் படம் டைரியில இன்னும் மூஞ்சி இல்லாமத்தான் இருக்கு. காலையில அந்த இடம் வந்தா ஒவ்வொரு ஆட்டோவா உள்ள குனிஞ்சு பாத்துட்டுதான் போறேன்.