அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மேசான் கிரீக் பகுதியில் கிடைக்கும் இரும்புக்கல் உருண்டைகளுக்குள் இருப்பது என்ன புதைபடிவம் என்று புதியவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

உடைத்த கல்லின் இரண்டு பாதியையும் வைத்திருக்கிறீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நீங்களும் என்னைப் போல இல்லினாய் பக்கம் குடிவந்து, வார இறுதியில் அங்குள்ள மசோனியா-பிரெய்ட்வுட் வனவிலங்குப் பகுதிக்குப் போய், நிலக்கரிக்காக வெட்டிக் கொட்டிய பழைய மண்மேடுகளில் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். நான் நிலவியல் படித்தவன் இல்லை. ஐடி வேலை, 6 வருடமாகப் பொறுக்குகிறேன். படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வேன்.

முதல் வருடம் வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை எடுத்துவிட்டேன். நான்காவது கல் பிளந்தது. ஒரு பாதியில் வரிசையாகச் சிற்றிலைகள், நரம்புகூடத் தெரிந்தது. மற்ற பாதி ஓரம் நொறுங்கி, வெறும் பள்ளமாக இருந்தது. குப்பையில் போட்டேன். படங்களோடு ஒப்பிட்டு 'பெக்காப்டெரிஸ்' (பழங்காலப் பெரணி இலை வகை ஒன்று) என்று சீட்டும் ஒட்டினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மூத்த சேகரிப்பாளர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இலையின் அடிப்பக்கம் எங்கே என்று கேட்டார். அது குப்பையோடு போயிருந்தது.

பெயரைச் சொல்வது அந்த அடிப்பக்கம்தான். சிற்றிலை தன் அடி முழுவதையும் காம்பில் பதித்திருந்தால் பெக்காப்டெரிஸ். இதயம் போலக் குறுகி ஒரே புள்ளியில் தொட்டால் நியூராப்டெரிஸ் வகை. அடி காம்போடு வழிந்து இறங்கி அடுத்த இலையைத் தொட்டால் அலெத்தாப்டெரிஸ். இலைகள் தண்டைச் சுற்றி நட்சத்திரம் போல விரிந்திருந்தால் அன்னுலேரியா. இது மேலோட்டமான வழிதான், விதிவிலக்குகள் உண்டு. ஆனால் இலையின் நீள அகலத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதைவிட நூறு மடங்கு மேல்.

விளக்கை மேலிருந்து அடிக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கைக் கல்லின் ஓரத்தில் படுக்க வையுங்கள். வெறுங்கல் என்று நான் ஒதுக்கிய ஒன்றில் அப்படித்தான் ஓர் இறாலின் வளையங்கள் நிழலாக எழுந்தன.

ஒரு பக்கம் உப்பலாக, மறுபக்கம் பாவாடை போல இருக்கும் உருவம் நிறையக் கிடைக்கும். அது எஸ்ஸெக்ஸெல்லா. 40 வருடத்துக்கு மேல் அதை ஜெல்லிமீன் என்றார்கள். 2023-இல் வந்த ஆய்வு, தலைகீழாகப் பார்த்திருக்கிறோம், அது கடல் சாமந்தி (சீ அனிமோன்) என்றது. அதனால் பெயர் தெரியவில்லை என்று எழுதி வைக்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த தடவை சுத்தியலுக்கு முன் உறைய வையுங்கள். சுமார் 31 கோடி வருடத்துக்கு முன் சேற்றில் புதைந்த உயிர் அழுகியபோது, அதைச் சுற்றித்தான் இரும்புக் கார்பனேட் இறுகியது. அதனால் உயிர் கிடக்கும் தளமே கல்லின் பலவீனமான இடம். சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, உறையவைத்து, இளகவிட்டு, மறுபடி உறையவைத்தால் பல கற்கள் தானாகவே அங்கே பிளக்கும். பிளக்காததை ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் போதும். சுத்தியலே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குளிர்காலத்தில் கற்களை ஊறவைத்த வாளியைப் பால்கனியில் வைத்ததற்கு எங்கள் குடியிருப்பு நிர்வாகம் இரண்டே நாளில் நோட்டீஸ் ஒட்டியது. இப்போது சமையலறை ஃப்ரீசரில் ஒரு தட்டு கல்லுக்கு.

என் இலைக் கல்லின் சீட்டில் இப்போது 'பெரணி போன்ற இலை, அடி இல்லை' என்றுதான் இருக்கிறது. உங்கள் மற்ற பாதிகள் இன்னும் குப்பைத் தொட்டியில் கிடந்தால், வண்டி வருவதற்குள் எடுத்துவிடுங்கள். நொறுங்கிய துண்டுகளையும் சேர்த்து.